ஐஸில் இருக்கும் மூவருக்கு என்ன முறை?

என் அன்பு அக்கா, முரசுமோட்டையின் முடிசூடாத மகாராணியே,

விசுவமடு தொடங்கி முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் ஐஸ் கட்டிகளை ஆளும் உன் தம்பி எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். என் ராச்சியம்தான் நலமாக இல்லை. இந்த வெய்யிலுக்கு அதில் பாதி, கடற்கரையைக் காணுமுன்னரே தண்ணீராகித் தெருவில் ஓடிவிடுகிறது. மரத்தூள் போட்டு, சாக்குப் போட்டு மூடினாலும் அது என் சொல் கேட்பதில்லை. அந்தத் தண்ணீரை நக்குவதற்கென்று ஊர் நாய்கள் எல்லாம் என் லான்மாஸ்ரர் வண்டிக்குப் பின்னால் அணிவகுத்து வருகின்றன. எந்த அரசனுக்கு இப்படியொரு படை இருந்திருக்கிறது, சொல் பார்ப்போம்.

நீ போன பிறகு இங்கே நடந்ததை உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்கமாட்டார்கள். நம் ஊரிலிருந்து அங்கே வந்து சேர்ந்தவர்களில் கதை சொல்லத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. கதை சொல்லத் தெரிந்த ஒருவன் இன்னும் இங்கேதான் இருக்கிறான். அதனால்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் வாசித்தால் வாசிக்கட்டும்.

முதலாவது செய்தி. உனக்குப் பேத்தி பிறந்துவிட்டாள். பெயர் கயல். அவள் அழுதால் கிளிநொச்சிச் சந்தையில் கடைக்காரர்கள் ஷெல் வருகிறதென்று நினைத்துக் கதவை இழுத்து மூடுகிறார்கள். சிரித்தால் திரும்பவும் திறக்கிறார்கள். உன் மகள் பவானிக்குப் பிள்ளையில்லையே என்ற கவலையோடுதான் நீ கண்ணை மூடினாய். அந்தக் கவலையை இப்போது கீழே வைத்துவிடலாம்.

எப்படிப் பிறந்தாள் என்று கேட்கிறாயா? அதற்குத்தான் வருகிறேன்.

சமாதானம் வந்து கொழும்புப் பாதை திறந்திருந்த காலம். பவானியையும் அவள் புருஷன் தேவனையும் கொழும்புக்குக் கூட்டிப்போனது நான்தான். தேவனை நீ மறந்திருக்கமாட்டாய். உன் செத்தவீட்டுக்கே ட்ரக்டர் திருத்திய எண்ணெய்க் கையோடு வந்து நின்றவன். கொழும்பில் ஒரு தமிழ் டொக்டர் அம்மா எங்களை இருத்தி வைத்து விளங்கப்படுத்தினார். பவானியிடமிருந்து முட்டையை எடுப்பார்களாம். தேவனிடமிருந்து எடுக்கவேண்டியதை எடுப்பார்களாம். இரண்டையும் வெளியில், கண்ணாடிக்குள் சேர்த்து வைப்பார்களாம். சேர்ந்து வளரத் தொடங்கியதில் ஒன்றையோ இரண்டையோ தாயின் வயிற்றுக்குள் வைப்பார்களாம். தேவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பவானி என் முகத்தைப் பார்க்கவில்லை. கேள்வி கேட்க வாயுள்ளவன் நான் ஒருவன்தான்.

“மிச்சம் இருக்கிறதை என்ன செய்வியள், டொக்டர்?”

“உறைய வைப்பம் ஐயா. பிறகு தேவைப்பட்டால் எடுக்கலாம்.”

“ஐஸிலயோ?”

“ஐஸை விடக் குளிர்.”

உன் தம்பி சிம்மாசனத்திலிருந்து விழுந்தான், அக்கா. ஐஸை விடக் குளிரான ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

“டொக்டர், நான் ஐஸ் யாவாரி. ஐஸில வைச்ச பாரை மீன் திரும்ப எழும்பி நீந்தினதை நான் இண்டைவரைக்கும் காணேல்லை.”

அவர் சிரிக்கவில்லை. “பாரையைச் செத்த பிறகு வைக்கிறியள், ஐயா. இதை உயிரோட வைக்கிறம்.”

அந்த ஒரு வசனம் என் மண்டைக்குள் ஏறியதுதான். இன்னும் இறங்கவில்லை. உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் மூச்சில்லை. வளர்வதுமில்லை, சாவதுமில்லை. நீ இப்போது இருக்கிற இடத்திலிருந்து அதைப் பார்க்க முடிகிறதா? அதற்கு அங்கே என்ன பெயர்?

ஐந்து உருவானது. இரண்டை வைத்தார்கள், ஒன்று தங்கியது. தங்கியவள்தான் கயல். மிச்சம் மூன்று கொழும்பில் உறைந்திருந்தன. நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். கடற்கரை முழுக்கப் பறைசாற்றினேன். எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் கொழும்பில், மந்திரிமாருக்கே கிடைக்காத குளிர் அறையில் இருக்கிறார்கள், சோறு கேட்பதில்லை, பள்ளிக்கூடம் போக அழுவதில்லை, அடையாள அட்டை இல்லாமலே கொழும்பில் வசிக்கிற தமிழர்கள் அவர்கள் மட்டும்தான் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த வருடம் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. அந்த மூன்றையும் தொடர்ந்து வைத்திருப்பதா, பிள்ளையில்லாத வேறு யாருக்காவது கொடுப்பதா, இல்லை, எடுத்து அப்படியே போகவிடுவதா என்று கேட்டிருந்தார்கள். பவானியால் இனி வயிற்றில் சுமக்க முடியாது, கயல் பிறந்தபோதே அவளைத் தப்ப வைத்தது பெரும்பாடு. அதோடு, நீ கேள்விப்பட்டிருப்பாய், திரும்பவும் வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. ஓமந்தையில் சோதனை இறுகிவிட்டது. பாதையைப் பூட்டப் போகிறார்கள் என்றே எல்லாரும் கதைக்கிறார்கள். பூட்டினால், பதில் சொல்ல நினைத்தாலும் போய்ச் சொல்ல வழியிருக்காது.

பவானியின் வீட்டுக்குப் போனேன். தேவன் ஒரு ட்ரக்டரைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு அதற்குள் உட்கார்ந்திருந்தான்.

“மாமா, நீங்களே சொல்லுங்கோ,” என்றான். “அது பிள்ளை எண்டால் பிறத்தியாருக்குக் குடுக்கேலாது. பிள்ளை இல்லையெண்டால் எறியிறதில என்ன இருக்கு? ரெண்டில ஒண்டைச் சொல்லச் சொல்லிக் கேக்கிறன். இவள் மாட்டனெண்டுறாள்.”

“விதைநெல்லு எண்டால் உமக்கு என்ன?” என்று பவானி குசினிக்குள்ளிருந்து கேட்டாள். “அது சோறோ, பயிரோ?”

“விதைநெல்லு விதைநெல்லு.”

“அப்ப அதை ஏன் ஒருத்தரும் குப்பையில கொட்டிறேல்லை?”

“பக்கத்து வீட்டுக்காரன் கேட்டால் குடுக்கிறம்தானே எண்டு சொல்லப் போறீர். எனக்கு விளங்குது. ஆனா நெல்லு வளந்து வந்து என்னை அப்பா எண்டு கேக்காது, பவானி.”

குசினிக்குள் சுளகு புடைக்கிற சத்தம் கேட்டது. என்னிடம் பதிலில்லாமல் போவது சூரியன் மேற்கே உதிப்பதுபோல அபூர்வம். அன்றைக்கு அது உதித்தது.

நான் புறப்படும்போது பவானி கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு படலைவரை வந்தாள். “மாமா, அம்மா ஒருக்கா ஒண்டை இல்லாமச் செய்தவா எல்லே? எனக்குப் பிறகு வந்ததை. அதை அவா என்னெண்டு நினைச்சவா?”

உன்னைத்தான் கேட்டாள், அக்கா. அவளுக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். உன் இதயம் தாங்காது, சுமந்தால் நீ மிஞ்சமாட்டாய் என்று டொக்டர் சொன்னதும், உன்னை வவுனியாவுக்குக் கூட்டிப்போனதும் எனக்குத் தெரியும். பிறகு எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், “ஒருத்தி இருக்கிறாள், ஒராளை விட்டனான்” என்பாய். கேட்டவர்கள் ஏதோ காய்ச்சலில் செத்ததென்று நினைத்துக்கொள்வார்கள். ‘விட்டனான்’ என்றால் கைவிட்டேன் என்பதா, போக விட்டேன் என்பதா? ஆளை என்றுதான் எப்போதும் சொன்னாய், அதை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நீ செய்தது பிழை என்றும் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரே வாயால் இரண்டையும் எப்படிச் சொன்னாய்?

உலகத்திலுள்ள எல்லாவற்றையும் கேட்டுத் திரிந்த நான், உன்னிடம் இதைக் கேட்கவில்லை. பவானிக்கு நீ சொன்ன வசனத்தை மட்டும் சொன்னேன். அவள் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

இனி றீற்றாவைப் பற்றிச் சொல்லவேண்டும். உனக்கு அவளைத் தெரியாது. முல்லைத்தீவுக் கடற்கரையில் புருஷன் பிடித்துவரும் மீனைப் பெட்டியில் அடுக்கி விற்பவள். நாற்பத்திரண்டு வயது. கடல் ஊருக்குள் வந்த அன்று அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோய்விட்டது. இரண்டு போதுமென்று முன்னரே குழாயைக் கட்டிக்கொண்டவள். பிறகு திரும்பவும் பெறலாமா என்று டொக்டர்மாரிடம் ஏறி இறங்கினாள். வயிறு நன்றாக இருக்கிறது, ஆனால் முட்டைக்கு வயது போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் ஐஸ் வாங்குகிறவர்களில், கட்டியைத் தட்டிப் பார்த்து, “அண்ணை, இது நேத்தையான்” என்று கண்டுபிடிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரிச் செய்தி வந்த கிழமை அவளுடைய பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பழக்கதோஷத்தில் வாய் திறந்துவிட்டது. “எங்கட வீட்டு மூண்டு பேரையும் குளிர் அறையால எழுப்பப் பாக்கிறாங்கள், றீற்றா.”

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த மீனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எழுப்பி என்ன செய்யப் போறீங்கள், அண்ணை?”

“தெரியேல்லை.”

“ஆருக்கும் குடுக்கிற எண்ணம் இருக்கோ?”

கடற்கரையில் அவ்வளவு சத்தம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அக்கா, அவள் கேட்டது மட்டும் கேட்டது.

“உங்கட மாதா கோயில் சுவாமியார் என்ன சொல்லுவார்?” என்று கேட்டேன். பதில் சொல்லப் பயந்த நேரத்தில் நான் கேள்வி கேட்பேன் என்பது உனக்குத் தெரியும்.

“முதலே கேட்டிட்டன். நீங்கள் சும்மா பகிடி விட்ட நாளிலயிருந்து எனக்கு அதே நினைப்புத்தான். அப்பிடிப் பிள்ளை செய்யிறது பாவமெண்டு சொன்னார். சரி சுவாமி, செய்தாச்சு, அங்க மூண்டு இருக்கு, அதை வெளியில எடுத்து எறியிறது என்னெண்டு கேட்டன். அதுவும் பாவமெண்டார். அப்ப ஒருத்தி அதைத் தன்ர வயித்தில வாங்கினால்? எண்டு கேட்டன்.”

“என்ன சொன்னவர்?”

“செபிக்கச் சொன்னவர். தானும் செபிக்கிறன் எண்டவர்.” பெட்டியை மூடினாள். “நான் செபிச்சுப்போட்டுத்தான் கேக்கிறன்.”

பவானியிடம் சொன்னேன், கூட்டி வரச் சொன்னாள். அடுத்த ஞாயிறு றீற்றாவையும் புருஷனையும் முரசுமோட்டைக்கு, பவானி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வேறு சமயம், வேறு ஊர், வேறு எல்லாம். சொந்தக்காரர் யாராவது கேட்டால் மீன் கொண்டுவந்தவர்கள் என்று சொல்ல ஏற்பாடு. உண்மையிலும் ஒரு பெட்டி மீன் கொண்டுவந்திருந்தார்கள். பவானி கயலை இறக்கிவிட்டாள். றீற்றா குனிந்து தூக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். நான் மீன் விலையைப் பற்றி நீண்ட சொற்பொழிவு ஒன்று ஆற்றினேன்.

தேவன்தான் நேரே விஷயத்துக்கு வந்தான். “அக்கா, கோவிக்காதேங்கோ. எனக்குக் குடுக்க விருப்பமில்லாமலில்லை. பயம். என்ர பிள்ளை ஒண்டு எங்க வளருது, ஆராய் வளருதெண்டு தெரியாம நான் எப்பிடித் தெருவில நடக்கிறது? நாளைக்கு என்ர மகள் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்து, அப்பா, இவரைத்தான் கட்டப்போறன் எண்டு நிண்டால்?”

நம் பக்கத்தில் இது விளையாட்டில்லை. மடு மாதாவுக்கோ வற்றாப்பளை அம்மனுக்கோ வன்னி முழுதும் திரளும்போது, யார் யாரைப் பார்ப்பார்கள் என்று கடவுளே கணக்கு வைப்பதில்லை.

“அப்ப தெரிஞ்சு வளரட்டும்,” என்றாள் றீற்றா. “ஒளிச்சு எனக்கும் வேண்டாம். பிள்ளைக்கும் சொல்லுவன், கேக்கிற வயசில.”

“தெரிஞ்சா என்ன முறையில?” என்று தேவன் கேட்டான்.

இங்கேதான் உன் தம்பி சரித்திரத்தில் இடம்பிடிக்கிறான். அதுவரை யாரும் கவனிக்காத பயங்கரத்தை நான் கண்டுபிடித்தேன். “பொறுங்கோ,” என்றேன். “றீற்றா என்னை அண்ணை எண்டு கூப்பிடுறா. அப்ப அவவின்ர பிள்ளைக்கு நான் மாமா. கயல் எனக்குப் பேத்தி, அவளுக்கு நான் அப்பு. ஒரே தாய் தேப்பன்ர ரெண்டு பிள்ளையள், ஒண்டுக்கு மாமா, மற்றதுக்கு அப்பு. என்னை நடுவால கிழிக்கப் போறியளோ?”

“அது சும்மா யாவாரத்துக்குக் கூப்பிடுறது, மாமா,” என்று தேவன் சிரித்தான்.

“சும்மா எண்டு ஒரு முறை இல்லை, தம்பி. அவ எனக்குத் தங்கச்சியெண்டால் பவானிக்குச் சின்னம்மா. சின்னம்மாவின்ர மகன் பவானிக்குத் தம்பி, கயலுக்கு மாமன். கூடப்பிறந்தவனை மாமன் எண்டு கூப்பிடப் போறாளோ உம்மட மகள்?”

தேவன் சிரிப்பை நிறுத்தினான். எண்ணெய் விரலால் ட்ரக்டரின் மட்கார்ட்டில் கோடு கீறத் தொடங்கினான். றீற்றா ஒரு புள்ளி, பவானி ஒரு புள்ளி. ஒரு கோட்டைப் போட்டான், அழித்தான். இன்னொன்றைப் போட்டான். அது தன் அம்மாவின் பக்கத்தால், றீற்றா தனக்கு அக்காவென்று வந்து, பிள்ளையைக் கயலுக்கு மச்சானாக்கி இன்னும் மோசமாக முடிந்தது. றீற்றாவின் புருஷன், அதுவரைக்கும் ஒரு சொல் பேசாத மனிதர், தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா தங்கச்சி எண்டு வையுங்கோவன்,” என்றார்.

அவ்வளவுதான். றீற்றா அக்கா, பவானி தங்கச்சி. பிறக்கிற பிள்ளைக்குப் பவானி சின்னம்மா. கயலுக்கு றீற்றா பெரியம்மா. பெரியம்மாவின் பிள்ளை சகோதரம், கலியாணப் பேச்சுக்கே இடமில்லை. இரத்தத்தில் உள்ளதும் வாயில் வருவதும் ஒன்றாக வந்து நின்றன. கொழும்பு டொக்டர்மார் கண்ணாடிக்குள் செய்ததை நாங்கள் மட்கார்ட்டில் செய்து முடித்தோம்.

ஆனால் ஒன்று, அக்கா. முறை வைக்கிறவர்கள் எல்லாரும் அங்கே இருந்தோம். யாருக்கு வைக்கிறோமோ அந்த ஆள் மட்டும் இல்லை. வளர்ந்து வந்து, என்னைக் கேட்டா முறை வைத்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

இரண்டு பெண்களும் கொழும்புக்குப் போனார்கள். அங்கே நடந்ததைப் பவானி சொன்னாள். டொக்டர் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லையாம். “குடுக்கிறவையும் வாங்கிறவையும் ஆரெண்டு தெரியாம இருக்கிறதுதான் நல்லது. பிறகு கரைச்சல் வராது.”

“உங்கட கொழும்பில தெரியாட்டிக் கரைச்சல் இல்லை, டொக்டர்,” என்றாளாம் றீற்றா. “எங்கட பக்கம் தெரியாட்டித்தான் கரைச்சல். இவவின்ர மகளும் என்ர மகனும் தாலி கட்டின பிறகு நீங்கள் ஓடி வந்து சொல்லுவியளோ?”

டொக்டர் பேனையை வைத்துவிட்டு, ஒருத்தியின் கழுத்திலிருந்த சிலுவையையும் மற்றவளின் நெற்றித் திருநீற்றையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

“நீங்கள் ரெண்டு பேரும் என்ன சொந்தம்?”

“என்ர அக்கா,” என்றாளாம் பவானி.

அது பொய்யா, அக்கா? மட்கார்ட்டில் போட்ட கோடு அதற்குள் காய்ந்திருந்தது. டொக்டர் பேனையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சகோதரிகளுக்குள் கொடுப்பது நடக்கிறதுதான் என்றாராம். நம்பித்தான் சொன்னாரா, நம்ப விரும்பிச் சொன்னாரா என்று பவானிக்குத் தெரியவில்லை.

மூன்றையும் குளிரிலிருந்து எடுத்தார்கள். ஒன்று எடுக்கும்போதே போய்விட்டது. இரண்டை றீற்றாவுக்குள் வைத்தார்கள். போன ஒன்றுக்காக றீற்றா கொழும்பிலேயே மெழுகுதிரி கொளுத்தினாளாம். பவானி வந்து, “மாமா, எங்களுக்குச் செத்தவீட்டுத் துடக்கு உண்டோ?” என்று கேட்டாள். ஐயரிடம் கேட்கலாமென்று வெளிக்கிட்டேன். பாதிவழியில், என்னவென்று சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். பவானி அந்தக் கிழமை கோயிலுக்குப் போகவில்லை. தேவனும் போகவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லென்று கேட்டவன்தான் அவன்.

மற்ற இரண்டும் தங்குமா என்று இன்னும் தெரியாது. இரத்தம் எடுத்துப் பார்க்க இன்னும் சில நாள் இருக்கிறது. பாதை இன்று திறந்திருக்கிறது. நாளையை நான் சொல்லமாட்டேன்.

நேற்றுக் காலை கடற்கரைக்குப் போனேன். பாரம் தூக்கக்கூடாதென்று றீற்றாவைப் புருஷன் ஒரு கதிரையில் இருத்தி வைத்திருந்தார். அவள் ராணிபோல இருந்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கக் குரல் கொடுத்தாள்.

“மாமா! ரெண்டு கட்டி!”

கடற்கரையே திரும்பியது. நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஐம்பத்தைந்து வயது இளைஞனை மாமா என்கிறாள். என் கையிலிருந்த கட்டி மணலில் விழுந்து நாலாகப் போனது. நாய்ப்படைக்குப் பெருநாள்.

கிட்டப் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “ஒண்டும் தங்காட்டித் திரும்ப அண்ணை எண்டோ கூப்பிடுறது?”

பகிடி விடுகிறாளென்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

“எங்கட வீட்டில ஒருக்கா வைச்ச முறையைத் திருப்பி வாங்கிறேல்லை, பிள்ளை,” என்றேன். தங்கச்சி என்று வரவேண்டிய இடத்தில் பிள்ளை என்று தானாகவே வந்தது.

அதனால் அக்கா, உனக்குச் சொல்லவேண்டிய இரண்டாவது செய்தி இதுதான். நீ செத்து மூன்று வருடம் கழித்து உனக்கொரு மகள் பிறந்திருக்கிறாள். வயது நாற்பத்திரண்டு. வேதக்காரி. பழைய ஐஸைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடிப்பாள். அவளுடைய இரண்டு பிள்ளைகள் உன் பக்கத்தில்தான் எங்கோ இருக்கவேண்டும். தேடிப் பிடி. அம்மம்மா வந்திருக்கிறேன் என்று சொல். முறை சரிதான், நான் பார்த்துவிட்டேன்.

இங்கே உள்ளதை நான் பார்த்துக்கொள்கிறேன். பாதை பூட்டினாலும் திறந்தாலும், அந்த இரண்டில் ஒன்று தங்கினாலும் தங்காவிட்டாலும், கடற்கரையில் அவள் மாமா என்று கூப்பிடும்போது நான் திரும்பிப் பார்ப்பேன். இது சத்தியம்.

உன் இரண்டு பெண்களுக்கும் மாமனான,
உன் தம்பி